பேனருக்குப் பக்கத்தில் நின்றவள்

என் பேத்தி ஜோதிகாவுக்கு ஆடத் தெரியாது, பாடவும் வராது. ஆடுகிறவளையும் பாடுகிறவளையும் நேரத்துக்கு மேடையில் ஏற்றி, நேரத்துக்கு இறக்கத் தெரியும். அது ஒரு பெரிய வேலையா என்று கேட்கிறவர்கள், பவுடரும் சாயமும் பூசிய ஒரு கூட்டம் பிள்ளைகளைக் கலையாமல் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பார்க்கட்டும். பிறகு வந்து என்னோடு பேசட்டும்.

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெரு அம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றுகிற அன்று சாயங்காலம் பிள்ளைகள் ஆட்டம் நடக்கும். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே ஜோதிகா அந்த மேடைக்குப் பின்னால்தான் நிற்பாள். பல்லில் ஊக்கு, கையில் தண்ணீர் பாட்டில். அழுகிற பிள்ளைக்கு மூக்கைத் துடைப்பாள், ஓடுகிற பிள்ளையைப் பாவாடையைப் பிடித்து இழுப்பாள். போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்குவதும் அவள்தான், கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு ஆள் அனுப்புவதும் அவள்தான். மைக்செட் தேவராஜுக்கும் அவளுக்கும் வருஷா வருஷம் சண்டை.

"இன்னா தேவராஜண்ணே, கொயந்த மேல நின்னுகினு கீது, பாட்டு எங்க?"

"இரும்மா, பொட்டி சூடாவ வாணாமா?"

"உன் பொட்டி சூடாவறதுக்குள்ள கொயந்த தூங்கிடும்."

பி.காம். முடித்துவிட்டுப் பாடியில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் இல்லை, அவ்வளவு சந்தோஷம். நிகழ்ச்சி நடத்துவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறதாம். கலை நிர்வாகம் என்று பேராம்.

"ஜெனரேட்டருக்கு ஆள் அனுப்பறதுக்கு ஒரு படிப்பாடி?" என்றேன்.

"சிரிக்காத ஆயா. ஒரு வருசம் படிப்பு. அவுங்களுக்கே சொந்தமா ஒரு அரங்கம் கீது. படிச்சி முடிக்கறவங்கள்ல ஒருத்தர அங்கியே வேலைக்கு எடுத்துக்கறாங்க. ஒரு நாளு நாடகம், ஒரு நாளு கச்சேரி. அத்தினியும் நடத்தறது அந்த ஒருத்தர்தான். அரங்கத்து சாவியே அவுங்க கைலதான்."

அந்த ஒருத்தர் தானாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. பட்டமோ பேரோ அவளுக்கு வேண்டாம். அந்தச் சாவி வேண்டும்.

அந்த நிறுவனம் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. பேர் எனக்கு வாயில் நுழையாது. நுழைந்தாலும் சொல்ல மாட்டேன். நேர்காணலில் மற்ற பிள்ளைகளை எந்தெந்த நாட்டில் என்னென்ன நிகழ்ச்சி பார்த்தாய் என்று கேட்டார்களாம். அவர்களும் சொன்னார்களாம். இவள் எங்கள் தெரு மேடையையும் தேவராஜின் பெட்டியையும் சொன்னாள். நிறுவனத்தை நடத்துகிற அகல்யா மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைக்கென்று புதிதாக ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் கலந்து படிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அந்த இடம் ஜோதிகாவுக்குக் கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் காது குத்தினால் பேனர், வயசுக்கு வந்தால் பேனர், செத்தால் பேனர். ஜோதிகாவின் தாய்மாமன் டில்லிபாபு அம்பத்தூரில் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். அவன் சும்மா இருப்பானா? விடிந்து பார்த்தால் பஸ் நிறுத்தத்தில் வேப்பமரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவில் பேனர் ஆடிக்கொண்டிருந்தது. மேலே அம்மன். நடுவில் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக ஜோதிகா. கீழே தெருப் பிள்ளைகள் எல்லாரும் வட்டம் வட்டமாக. ஒரு ஓரத்தில் அகல்யா மேடம். போனில் அவர் தலை மட்டும்தான் சரியாகக் கிடைத்தது என்று, கைகூப்பி நிற்கிற வேறு யாரோ ஒரு அம்மாளின் உடம்பில் அந்தத் தலையை ஒட்டிவிட்டான். வளையல் போட்ட கையும் பட்டுப்புடவையுமாக மேடம் எங்கள் தெருவைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

எழுத்தை டில்லிபாபுவே படித்துக் காட்டினான். "எங்கள் தெருவுக்கு வாழ்வு கொடுத்த தெய்வமே, என்றென்றும் நன்றியுடன்."

ஜோதிகா பார்த்துவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள்.

"கயட்டு மாமா! அவுங்க பாத்தா இன்னா நெனப்பாங்க? நான் எல்லார மாரியும் போயி படிக்கணும்னு கீறேன். எந்த சீட்டுல வந்தேன்னு ஊருக்கே போர்டு வெக்கிறியே!"

"இன்னா கொறச்சலு? நன்றி சொல்றது தப்பா? நீயே கேளு அத்தே," என்று அவன் என்னைப் பார்த்தான்.

"நன்றின்னா ஊட்டுக்குப் போயி சொல்லணும்டா. கம்பத்துல கட்டக்கூடாது," என்றேன். அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன்.

கழற்றுவதற்கு ஏணி வருவதற்குள் எவனோ படம் பிடித்து நெட்டில் போட்டுவிட்டான். மறுநாளே மேடம் போன் செய்தார். அவர் கோபப்படவில்லை. கழற்றாதீர்கள், நான் வருகிறேன் என்றார்.

போட்டோ எடுக்க ஆளோடு காரில் வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். என் மருமகள் எல்லம்மா அவசர அவசரமாகக் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனாள். "இருக்கட்டும்மா, அதுதான் இயல்பா இருக்கு," என்றார் மேடம். எல்லம்மா கல்யாணத்துக்கு வைத்திருந்த நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். அதைப் பார்த்து, "வீட்ல எப்பவும் கட்டற புடவையே கட்டிக்கோங்களேன்," என்றார், அன்பாகத்தான். எல்லம்மா உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு எடுத்த படம் எதிலும் அவள் சிரிக்கவில்லை.

பேனர் முன்னால் மேடம் நெடுநேரம் நின்றார். தன் தலைக்குக் கீழே இருந்த வேறு உடம்பைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இது எவ்வளவு அழகான ஆவணம் தெரியுமா? இதை நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

டில்லிபாபு மரத்தில் ஏறி அவனே அவிழ்த்து, சுருட்டி, கார் மேலே கட்டிக் கொடுத்தான். எங்கள் தெருவே கைதட்டியது.

படிப்பு ஆரம்பித்தது. ஷேர் ஆட்டோவில் ஆவடி, ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து பஸ். முதல் நாள் போய் வந்தவள் சாப்பிடும்போது சொன்னாள். "பேனர அரங்கத்து வாசல்ல மாட்டிகீறாங்க ஆயா. பிரேம் போட்டு."

"இன்னாத்துக்கு?"

"வரவங்க பாக்கறதுக்கு."

வந்தார்கள். பண உதவி செய்கிறவர்கள், வெளிநாட்டுக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள். யார் வந்தாலும் வகுப்பிலிருந்து ஜோதிகாவைக் கூப்பிடுவார்கள். அவள் போய்ப் பேனருக்குப் பக்கத்தில் நின்று தன் கதையைச் சொல்ல வேண்டும். உள்ளே மற்ற பிள்ளைகள் வரவு செலவுத் திட்டம் போடவும், கலைஞர்களோடு ஒப்பந்தம் எழுதவும், எந்த ஆட்டத்துக்கு எந்த விளக்கு என்று பிரிக்கவும் படித்துக்கொண்டிருப்பார்கள். இவள் திரும்பி வரும்போது வாத்தியார் பலகையை அழித்துக்கொண்டிருப்பார்.

என் கதையும் அதில் சேர்ந்துவிட்டது. நான் நாற்று நட்டது, கூலி வாங்கப் போனால் வாசலுக்கு வெளியே நிற்க வைத்தது, என் மகன், அவள் அப்பன் கோபி, அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் வேலை நின்றுபோய் வீட்டில் உட்கார்ந்திருந்தது, எல்லாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நின்ற வாசலைப் பற்றி யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மா கண்ணீர் விட்டாளாம்.

"தேவராஜு பொட்டி சூடான கதைய சொன்னியா?" என்றேன். அதைத்தான் எல்லாரும் சிரித்துக் கேட்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை.

"ஆரமிச்சேன் ஆயா. அது வேணாம்மா, நேரமாவுதுன்னாங்க."

கூடப் படித்த பிள்ளைகள் மோசம் இல்லை. கிருஷ்ணப்பிரியா என்று ஒரு பெண். அந்த அரங்கத்தில் முன்வரிசை நாற்காலி ஒன்றில் அவள் தாத்தா பேர் பித்தளைத் தகட்டில் அடித்திருக்கிறது. சின்ன வயதில் அந்த நாற்காலியில் படுத்துத் தூங்கிய பெண் அவள். அவளுக்கு விளக்குப் போடுகிறவரையும் தெரியும், டிக்கெட் கிழிக்கிறவரையும் தெரியும். எல்லாரும் "பிரியாக்குட்டி" என்றுதான் கூப்பிடுவார்கள். ஜோதிகா தவறவிட்ட பாடத்தையெல்லாம் அவள்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொடுத்தாள். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து, கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு மூக்கைச் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தாள். தெரியாததை எல்லாம் கேட்டாள். நல்ல பெண். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

வருஷக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரங்கத்தில் ஒரு சாயங்காலம் கொடுப்பார்கள். கலைஞரைப் பேசுவது முதல் கதவு சாத்துவது வரைக்கும் அந்தப் பிள்ளையே நடத்த வேண்டும். அதைப் பார்த்துத்தான் வேலைக்கு ஆள் எடுப்பது. ஜோதிகா திருவேற்காட்டுப் பக்கம் போய் ஒரு பம்பைக் குழுவைப் பேசினாள். அம்மன் வர்ணிப்புக்குப் பம்பை அடிக்கிறவர்கள், அரங்க மேடையில் ஏறியதே இல்லாதவர்கள். சத்தம் எவ்வளவு வரும், கதவை எந்த நேரத்தில் சாத்துவது, அவர்கள் வேன் எங்கே நிற்பது எல்லாம் யோசித்துவிட்டாள். தூக்கத்தில்கூட, "லைட்ட கம்மி பண்ணுங்கண்ணா," என்றாள்.

அந்த வாரத்தில்தான் மேடம் கூப்பிட்டார். பெங்களூரில் பெரிய மாநாடாம். கலைப் படிப்பில் எல்லாத் தரப்பு மக்களுக்கும் எப்படி இடம் கொடுப்பது என்பதுதான் பேச்சு. ஜோதிகா பேச வேண்டும், பேனரும் கூட வரும். நாள் பார்த்தால் அவளுடைய சாயங்காலத்துக்கும் அதே நாள்.

"என் நிகழ்ச்சி அன்னிக்கிதானே மேடம்," என்றாளாம்.

"உன் குரல் அங்கே கேட்கறது அதைவிட முக்கியம்மா. உனக்கு வேற தேதி தரேன்."

வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். நான் போகாதே என்றேன்.

"எப்டி ஆயா முடியாதுன்றது? சீட்டே அவுங்க குடுத்ததுதானே."

"குடுத்தாங்க. படிக்கறதுக்குக் குடுத்தாங்க. ஊர் ஊரா தூக்கினு போறதுக்கா?"

"நீ சும்மா இரும்மா," என்றான் என் மகன். "உப்பு தின்ன எடத்துல மொறைக்கக்கூடாது. தெய்வமேன்னு பேனரு வெச்சிகீறோம். இப்ப போயி முடியாதுன்னா நல்லாவா கீது?"

கம்பத்தில் கட்டிய வார்த்தை அது. பிரேமுக்குள்ளேயே இருந்தாலும் எங்கள் கழுத்தில்தான் தொங்கியது.

ஜோதிகா பெங்களூர் போனாள். கைதட்டல் அடங்கவே இல்லையாம். எல்லாரும் வந்து கட்டிப்பிடித்தார்களாம். அதே நேரத்தில் இங்கே, பேசி வைத்த குழுவை விட முடியாது என்று மேடம் கேட்டுக்கொண்டதால், கிருஷ்ணப்பிரியா பம்பைக் குழுவை மேடையில் ஏற்றி இறக்கினாள். எல்லாம் ஜோதிகா யோசித்து வைத்தபடியே நடந்தது. வேன்கூட அவள் சொன்ன இடத்தில்தான் நின்றது. பிறகு மார்கழி வந்தது, அரங்கம் முழுக்கக் கச்சேரிக்குப் போய்விட்டது. வேற தேதி வரவே இல்லை.

வேலைக்கான நேர்காணலில் மேடம் கூடவே இன்னும் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். கடைசியில் ஒருவர், "நீங்க தனியா ஒரு முழு நிகழ்ச்சி நடத்தினது எப்போ?" என்று கேட்டார். ஜோதிகா மேடத்தைப் பார்த்தாள். மேடம் தன் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"ஆடி மாசம், எங்க தெருவுல," என்றாள் ஜோதிகா.

அவர் தலையாட்டினார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

வேலை கிருஷ்ணப்பிரியாவுக்குப் போயிற்று. அவள் போன் செய்து அழுதாள். ஜோதிகாதான் அவளைத் தேற்றினாள். "நீ இன்னாடி பண்ணுவ, உன்ன கேட்டாங்க, நீ செஞ்ச." போனை வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் போய் நின்றாள். எல்லம்மா போய்க் கூப்பிட்டாள், வரவில்லை. நான் கூப்பிடவில்லை. நிற்கட்டும் என்று விட்டேன்.

கொஞ்ச நாள் போனதும், "பேனர வாங்கினு வந்துர்றேன் ஆயா," என்றாள்.

நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். முட்டி வலிக்கிற காலை வைத்துக்கொண்டு எதற்கு என்று எல்லாரும் கத்தினார்கள். என் பேரைச் சொல்லி ஊர் ஊராகக் கதை போயிருக்கிறது, நான் அந்த வாசலை ஒரு தடவை பார்க்க வேண்டாமா?

பெரிய வாசல்தான். உள்ளே குளுகுளு என்று இருந்தது. எதிர்ச் சுவரில் கண்ணாடிக்குள் எங்கள் பேனர். தெருவில் பார்த்ததைவிட அங்கே சின்னதாகத் தெரிந்தது. ஓரம் சுருங்கியிருந்தது. கீழே ஒரு சின்ன அட்டையில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தார்கள். ஜோதிகா அதைப் படிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மேடம் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். நாற்காலி போட்டார். காப்பி வரவழைத்தார். என்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்றார். இருக்கும், எங்கள் வீட்டில் அவருக்குத் தண்ணீர் கொடுத்ததே நான்தான்.

"ஜோதிகா, நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன். விருந்தாளிங்க வரும்போதெல்லாம் நீ வந்து பேசணும். அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்கும் நீதான் வழிகாட்டி," என்றார்.

"வரமாட்டேன் மேடம்," என்றாள் ஜோதிகா. குரலை உயர்த்தவில்லை. அந்த ஒரு வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் மாட்டேன் அதுதான். "எங்க பேனர மட்டும் குடுத்துருங்க."

மேடத்தின் முகம் வாடியது. நிஜமாகவே வாடியது, நடிப்பு இல்லை. "அது இப்போ நிறுவனத்தோட சேகரிப்பில சேர்ந்துடுச்சும்மா. நான் நினைச்சாலும் எடுக்க முடியாது. அறங்காவலர்கள் கூடி முடிவு பண்ணணும்."

"அம்மா, அது பேனரு," என்றேன். "எங்க பக்கம் காரியம் முடிஞ்சா அவுத்து, குளிக்கற எடத்துக்கு மேல மயக்கி போடுவோம். அதுக்கு எதுக்கு கூடி முடிவு பண்றது?"

அவருக்கு மயக்கி என்பது புரியவில்லை போலிருக்கிறது. "மழைக்கு," என்றாள் ஜோதிகா. மேடம் அதையும் அழகாக இருக்கிறது என்பதுபோல் பார்த்தார். அச்சடித்துப் புதிதாக ஒன்று தருகிறேன் என்றார்.

வெளியே வரும்போது கிருஷ்ணப்பிரியா எதிரில் வந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து. "பாட்டி!" என்று கட்டிக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டதும், "இவ்வளவுதானே? நான் இப்பவே திறந்து எடுத்துத் தரேன் ஜோதி," என்று சாவியைக் கையில் எடுத்தாள். கண்ணாடி வரைக்கும் நடந்தாள். அங்கே நின்று மேடத்தின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுட்டுச் சொல்றேனே," என்றாள்.

"பரவால்ல பிரியா," என்றாள் ஜோதிகா.

ரயிலில் ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவள் நின்றுகொண்டே வந்தாள். மறுவாரம் பாடித் துணிக்கடையில் மறுபடியும் பில் போடப் போனாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் வேறு பெண் வந்துவிட்டாள் என்று குழந்தைத் துணிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இந்த ஆடிக்கு டில்லிபாபு பேனர் அடிக்க வந்து நின்றான். "ஜோதி, உன் படத்த நடுவுல போடட்டா?"

"என் மூஞ்சிய எங்கியும் போடாத மாமா."

அவன் போடவில்லை. அம்மனும் பிள்ளைகளும் மட்டும்தான். நன்றி என்ற எழுத்தும் இல்லை, நானே நின்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஷிப்ட் முடிந்து வந்து, துணிக்கடைப் புடவையோடு அப்படியே மேடைக்குப் பின்னால் போய் நின்றாள். பல்லில் ஊக்கு. பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கினார்கள். தேவராஜோடு இந்த வருஷம் அவள் சண்டை போடவில்லை. அவன்தான் பாவம், ஏதாவது திட்டுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஆசையாகவோ என்னவோ மைக்கைப் பிடித்து, "நம்ம தெருவுக்குப் பெருமை சேர்த்து, பெங்களூர் வரைக்கும் போய்ப் பேசி வந்த ஜோதிகா அவர்களை மேடைக்கு அழைக்கிறோம், ரெண்டு வார்த்தை," என்றான். கூட்டம் கைதட்டியது. என் மகன் எழுந்து நின்று தட்டினான்.

படுதா அசைந்தது. எல்லம்மா என் கையைப் பிடித்தாள்.

படுதாவுக்குப் பின்னாலிருந்து ஜோதிகாவின் கை மட்டும் வெளியே வந்தது. அழுதுகொண்டிருந்த ஒரு குட்டிப் பெண்ணை மேடைக்குத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டது. வேறு வழியில்லாமல் தேவராஜ் பாட்டைப் போட்டான். பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆட ஆரம்பித்தது.